தூணோரம் எடுத்த வீடியோக்கள்

என் வீட்டுக்காரருக்கு இடம் வீணானால் பொறுக்காது. பம்பு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடமாக ஸ்டோர் கீப்பர். பேரிங் வந்தாலும் சரி, தாமிரக் கம்பி வந்தாலும் சரி, இது எத்தனை அலமாரி பிடிக்கும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வீட்டிலும் அதே கதை. டப்பாவுக்குள் டப்பா, பைக்குள் பை. காலி பாட்டிலை வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் திரும்பினால், அதை நசுக்கிக் கையளவாக்கியிருப்பார். கல்யாணமான புதிதில் என் துணிகளையெல்லாம் உருளை உருளையாகச் சுருட்டி ஒரே தட்டில் அடுக்கி வைத்தார். அன்றைக்கே இரண்டு வார்த்தை நறுக்கென்று சொல்லியிருக்க வேண்டும். புது மனுஷன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம், தொழிற்சாலை ஒதுக்கித் தள்ளிய ஒரு கம்ப்யூட்டரும் காசு கேட்காத ஒரு மென்பொருளும் வந்து சேர்ந்தன. கேட்க வேண்டுமா! போனில் எடுத்த வீடியோவை அதற்குள் போட்டால் சின்னதாக்கி வெளியே தள்ளும். அதில் தரத்துக்கென்று ஓர் எண் உண்டு. எண்ணைக் கூட்டக் கூட்ட வீடியோ சிறுக்கும், படமும் மங்கும். இருபத்திரண்டு போதும் என்று அந்த மென்பொருளே சொல்கிறது. இவர் முப்பத்தாறில் வைப்பார். நீள அகலத்தையும் வெட்டுவார். ஒரு ஜிபி உள்ளே போனால் பதினைந்து எம்பி வெளியே வரும். அதைப் பார்க்கும்போது அவர் முகத்தில் வருகிற பூரிப்பு, சத்தியமாகச் சொல்கிறேன், மகள் பிறந்த அன்றுகூட வரவில்லை.

குடும்பத்தில் எல்லோருக்கும் இது வசதியாகப் போயிற்று. போனில் இடமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். 'சுருக்கு மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இவர் போனை வாங்கி ஒயரில் மாட்டுவார், வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு இறக்குவார், வரிசையாகச் சுருக்குவார், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பெட்டியில் போட்டுக் குடும்பக் குழுவுக்கு இணைப்பை அனுப்புவார். கடைசியாகப் போனில் இருக்கும் அசலைத் தன் விரலாலேயே அழிப்பார். "அழிச்சாச்சு. இனி மூணு மாசத்துக்குக் கவலையில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுப்பார். எதையும் ஓடவிட்டுப் பார்க்க மாட்டார்.

"என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டு அழிக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஸ்டோர் கீப்பர் ஒவ்வொரு பெட்டியா பிரிச்சுப் பார்த்துட்டு உக்காந்தா வேலை ஓடுமா? மேல ஒட்டியிருக்கிற சீட்டு சரியா இருந்தா உள்ள சரக்கும் சரியா இருக்கும்."

படம் மங்கலாக இருக்கிறதே என்று யாராவது முனகினால், "போய்க் கண்ணைக் காட்டு. அசலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது" என்பார். என் தங்கை மேடையில் பாடிய வீடியோவை இப்படித்தான் சுருக்கினார். அவள் முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பழுப்புக் கட்டங்கள் இருந்தன. அன்றையிலிருந்து என் போனைத் தொடவிடவில்லை. "தொட்டீங்க, சாப்பாடு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அதில் இடம் நிரம்பி, எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றட்டும் என்று விட்டேன். நானும் அதில் இருப்பதை எடுத்துப் பார்த்தவள் இல்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு வீடியோ பார்க்க ஏது நேரம்?

எங்களுக்கு ஒரே மகள். அவளும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஊரின் மறுகோடியில் ஒரு நாலு தளக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள். தளத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் எட்டு வீடு. மகள் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு தூண் நிற்கும். அலமாரி வைக்கவும் விடாது, சோபா போடவும் விடாது. ஆனால் குட்டி முதன்முதலில் எழுந்து நின்றது அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான். அன்றையிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, அவளை அதே தூணோரம் நிறுத்தி மகள் ஒரு வீடியோ எடுப்பாள். குட்டி கையை ஆட்டும், ஏதாவது சொல்லும், ஓடிவிடும். மாதம் தவறாமல் அது இவருக்கு வரும். இவர் சுருக்குவார். மகள் போனில் இருப்பதை அழித்துவிடச் சொல்வார். "எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா" என்பார். அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

குட்டிக்கு மூன்று வயது முடிய இரண்டு வாரம் இருந்தபோது, இருபத்தாறு மாத வீடியோவையும் ஒன்றாகக் கோத்துப் பிறந்தநாளுக்கு அனுப்ப வேண்டும் என்று இவருக்கு ஆசை வந்தது. ஒவ்வொன்றிலும் நாலு நொடி வெட்டி எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தா, பாரு. உன் பேத்தி ஒண்ணே முக்கால் நிமிஷத்துல மூணு வயசாகப் போறா."

பார்த்தேன். குட்டி முதலில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்ததில் ஒரு கையை விட்டாள். பிறகு இரண்டு கையையும் விட்டாள். பிறகு பல் வந்தது, முடி வந்தது, பின்னல் வந்தது. சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அவள் காலடியில், தூணும் சுவரும் சேருகிற இடத்தில் ஏதோ நெளிந்தது. நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த மாதத்திலும் நூல் இருந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அதற்கடுத்து இடுப்புக்கு. பிறகு தோளுக்கு. குழந்தையோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது. ஒரு கட்டத்தில் குழந்தையைத் தாண்டிப் படத்துக்கு மேலே போய்விட்டது. கடைசி நாலு மாதத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது, கோடே இல்லை.

"ஏங்க, அது என்ன?"

"எது?"

"அந்தக் கோடு. திரும்பப் போடுங்க."

போட்டார். பார்த்தார். "சுருக்கினா ஓரத்துல கட்டம் கட்டமா வரும். அதுதான்" என்றார். சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டார். அசலுக்கும் இதற்கும் வித்தியாசமே கிடையாது என்று ஆறு வருடமாகச் சொன்னவர். நானும் விடவில்லை. "கட்டம் மாசா மாசம் வளருமா? அதுவும் ஒரே இடத்துல?" என்றேன். அவர் ஒவ்வொரு மாதமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். எட்டாவது வீடியோவில் நிறுத்திவிட்டு எழுந்தார்.

"மொட்டை மாடியில புதுத் தண்ணித் தொட்டி கட்டினாங்களே, அது எப்ப?"

"குட்டிக்கு ஒன்றரை வயசு. சிமென்ட் மூட்டை வாசல்ல கிடந்து, வண்டி உள்ள வர முடியலன்னு மாப்பிள்ளை கத்தினாரே."

"எட்டாவது வீடியோ வரைக்கும் கோடு இல்ல" என்றார். "இருபதாயிரம் லிட்டர் தொட்டி. தண்ணி மட்டும் இருபது டன். அந்தத் தூணுக்கு நேர் மேல."

பம்பு கம்பெனிக்காரருக்குத் தண்ணீரின் எடை தெரியாமல் இருக்குமா? நறுக்கின பீன்ஸ் அப்படியே கிடந்தது.

மகளுக்குப் போன் போட்டார். "ஆமாப்பா, ஒரு கோடு இருந்துச்சு. எல்லா வீட்லயும் இருக்குன்னு செயலாளர் சொன்னார். நாலு மாசம் முன்னாடி பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சுட்டாங்களே" என்றாள் அவள், ஏதோ பழைய காலண்டரைக் கழற்றியது போல. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது வளர்ந்ததே தெரியவில்லை. கோத்த வீடியோவை அனுப்பினோம். மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார். நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, நீங்க சுருக்கினதுல குட்டிக்கு மூக்கே காணோம். கோடு மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மாப்பிள்ளை, விளையாட்டில்ல."

"நானும் விளையாடல மாமா. பாருங்க, என் கால்லயும் ஒரு கோடு ஓடுது. என்னையும் இடிக்கணுமா?"

பின்னால் மகளும் சிரித்தாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அந்தக் கட்டடத்தின் சங்கச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் இரண்டாவது மாடிக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தொட்டி கட்டியதே அவர் யோசனைதான். தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது என்று எட்டு வீடும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அவரிடம் போய்த் தொட்டியைக் காலி செய்யுங்கள் என்றால் விடுவாரா? ஒரு கொத்தனாரை அழைத்துவந்து சுவரை இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். "பூச்சு விரிசல் சார்" என்று கொத்தனார் பல்லைக் காட்டினார். பூச்சை உடைத்து உள்ளே பார்க்கலாமே என்று இவர் கேட்டதற்கு, "புதுப் பெயின்ட் சார். உங்க மக வீடுன்னா உடைச்சுக்கலாம், தூண் பொதுச் சொத்து. எட்டு வீட்டுக் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க" என்றாராம் செயலாளர். ஒரு கையெழுத்துதான் கிடைத்தது. அதுவும் மகளுடையது, அப்பாவுக்காகப் போட்டது.

எங்கள் கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒரு கட்டட இன்ஜினியர் வருவார். நல்ல மனிதர், பேச்சு மட்டும் கறார். அவர் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம். கோத்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வளர்ற மாதிரிதான் இருக்கு. ஆனா எவ்வளவு அகலம், பூச்சுலயா, உள்ளே போகுதான்னு இதுல சொல்ல முடியாது. எல்லாம் கட்டம் கட்டமா இருக்கே. அசல் எங்க?"

இவர் என்னைப் பார்த்தார்.

"சார், அசல் வீடியோ இருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவேன். இந்தக் காலத்துப் போன்ல மயிரிழைகூடத் தெரியும். இருபத்தாறு மாசம் ஒரே இடத்துல எடுத்திருக்கீங்க, இந்த மாதிரி ஆதாரம் யாருக்கும் கிடைக்காது. அசலைக் கொண்டாங்க."

"அழிச்சுட்டேன்" என்றார் இவர்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு திருகாணி குறைந்ததில்லை என்று மார்தட்டுகிற மனிதர். குடும்பக் குழுவில், யாரிடமாவது சுருக்காத பழைய வீடியோ இருக்கிறதா, மகள் வீட்டில் எடுத்தது எதுவானாலும் சரி என்று எழுதினார். வரிசையாகப் பதில் வந்தது. நீங்கதானே மாமா அழிச்சீங்க. என் போன்ல ஒண்ணுகூட இல்ல மாமா, சுத்தமா வச்சிருக்கீங்க. கூடவே கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைத் தரையில் அடித்திருப்பேன். அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கைப்பையில் என் போன் இருக்கிறது. போன வருடக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போனபோது, பெயின்ட் அடிப்பதற்கு முந்தின வாரம், குட்டி தூணோரம் நின்று எனக்குக் கதை சொன்னாள். நான் எடுத்தேன். எடுத்ததோடு சரி. தேடினேன். இருந்தது. நாலு மாதமாக நான் போகிற இடமெல்லாம் என்னோடு வந்திருக்கிறது. இவர் பார்க்காமல் அழித்தார் என்று குறை சொல்கிறேனே, நான் பார்க்காமல் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

இன்ஜினியர் வீட்டுக் கதவை மறுபடி தட்டினோம். அந்தப் படத்தில் எல்லாம் தெரிந்தது. குட்டியின் பாவாடைப் பூ, அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் துகள், அவள் தலைக்குப் பின்னால் சாய்வாக மேலே ஏறுகிற விரிசல். இன்ஜினியர் படத்தைப் பெரிதாக்கினார். விரிசலுக்குள் கறுப்பாக இருந்தது. அதன் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

"இது பூச்சு இல்ல" என்றார். "தூண் அடியில இறங்குது. பென்சில் முனையை உள்ள விடலாம் போலிருக்கு. இது நாலு மாசத்துக்கு முன்னாடி. இப்ப எப்படின்னு பெயின்ட்டுக்குள்ள மறைஞ்சு கிடக்கு. தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் குழந்தையை அங்க வச்சிருக்காதீங்க."

அன்று மாலையே போய் மூன்று பேரையும் அழைத்து வந்தோம். மகள் வர மறுத்தாள். மாப்பிள்ளை பழைய கேலியை ஆரம்பித்தார். இவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "நான் சுருக்கினதெல்லாம் குப்பைம்மா. ஒரு வித்தியாசமும் கிடையாதுன்னு சொன்னேனே, அது பொய். தப்பு என் மேல. திட்டுறதை நம்ம வீட்டுக்கு வந்து திட்டு, இப்பக் கிளம்பு" என்றார். அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதை நானே அன்றுதான் கேட்டேன். மகள் பையை எடுத்தாள்.

எங்கள் வீடு இரண்டே அறை. மூன்று வாரம் ஐந்து பேர். இவர் இதற்கு நடுவில் நகராட்சி அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தார். இணையத்தில்தான் கொடுக்க வேண்டுமாம். வீடியோ ஆதாரம் ஐந்து எம்பிக்குள் இருக்க வேண்டுமாம். என் போனில் இருந்தது நானூறு எம்பி. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு, அழுகையே தேவலாம். சுருக்கினால் விரிசல் கட்டமாகிவிடும். அதனால் விரிசல் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி, மூன்றே நொடி எடுத்து, எண்ணை இருபதில் வைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தெளிவாக அனுப்பினார். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: எந்தக் கட்டடம், எந்த இடம் என்பது தெரியவில்லை, முழு வீடியோவையும் பதிவேற்றவும். முழு வீடியோவைச் சுருக்கி அனுப்பினார். அதற்கு வந்த பதில்: படம் தெளிவாக இல்லை. நேரில் போனார். அதிகாரி விடுப்பில் இருந்தார். அப்புறம் அது கிணற்றில் போட்ட கல்தான்.

இன்ஜினியரே ஒருநாள் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். "உங்களை யார் வரச் சொன்னது?" என்று செயலாளர் வாசலிலேயே மடக்கி அனுப்பிவிட்டார். மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் முக்கியம். வீட்டுக்கு விலை போகாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. "உங்க மாமனார் வாயை மூடச் சொல்லுங்க" என்று மாப்பிள்ளைக்கு இரண்டு பேர் போன் செய்தார்கள்.

மாப்பிள்ளைக்கும் பொறுமை போயிற்று. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குளிக்க வரிசை, படுக்க வரிசை. மாமியார் வீட்டில் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் அலுவலகத்தில் பேச்சு வேறு. குட்டியின் பிறந்தநாளும் இங்கேயே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிவிட்டார்.

"மாமா, மூணு வாரமா ஒண்ணும் ஆகல. சுவர் அப்படியேதான் இருக்கு, நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். ஏதாவது தெரிஞ்சா அடுத்த நிமிஷம் இங்க வந்துடுறோம். சரியா?"

"அந்தக் கூடத்துல படுக்காதீங்க" என்றார் இவர். வேறு என்ன சொல்ல முடியும்? கட்டிப் போடவா முடியும்?

சனிக்கிழமை முழுக்க இவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். மணிக்கு ஒருமுறை மகளுக்குப் போன். அவள் எடுத்து, "நல்லா இருக்கோம்பா" என்று வைப்பாள். எனக்கே கோபம் வந்தது. "அவளை வேலை செய்ய விடுங்களேன்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான், அவர் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். மாப்பிள்ளையிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. 'மாமா, உங்களுக்காகச் சுருக்காம அனுப்பியிருக்கேன். பொறுமையா இறக்கிப் பாருங்க. ஒரு கோடும் இல்ல' என்று கீழே எழுதியிருந்தார். இறங்க ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. கம்ப்யூட்டரில் போட்டோம்.

தூண் பளிச்சென்று நின்றது. போன் மெதுவாகக் கீழிருந்து மேலே போய்ச் சுவர் முழுவதையும் காட்டியது. உண்மைதான், ஒரு கோடு இல்லை. இவர் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து, நிறுத்தி, பெரிதாக்கி, ஒவ்வொரு அங்குலமாகச் சுவரையே பார்த்தார். "இல்ல. நிஜமாவே இல்ல" என்றார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. மிச்சத்தை ஓடவிட்டார்.

குட்டி மஞ்சள் பந்து ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். கையை எடுத்தாள். பந்து கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு மெல்ல உருண்டு தூணின் பக்கம் போய் முட்டி நின்றது. குட்டி கைகொட்டிச் சிரித்தாள். ஓடிப்போய் எடுத்துவந்து இன்னொரு இடத்தில் வைத்தாள். அதுவும் தூணுக்கே போயிற்று.

"அப்பா, பந்து தானா ஓடுது!"

"ஆமா, அதுக்குக் கால் முளைச்சிருக்கு" என்று படம் பிடிக்கிற மாப்பிள்ளையின் குரல் கேட்டது. வீடியோ முடிந்தது.

"ஏங்க" என்றேன். "பந்தைப் பார்த்தீங்களா?"

அவர் சுவரைத்தான் பார்த்திருந்தார். மறுபடி போட்டார். பந்து உருண்டது. மறுபடியும் போட்டார். பேயறைந்தது போல ஆகிவிட்டது முகம். "தரை சரிஞ்சிருக்கு" என்றார். "போனை எடு. எடு!"

மகள் மூன்றாவது மணியில் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"என்னப்பா, வீடியோ பார்த்தீங்களா?"

"குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா. இப்ப. எதையும் எடுக்காத."

"மறுபடியுமா? இருங்கப்பா, நாங்களே கடைக்குக் கிளம்பிட்டுத்தான் இருக்கோம். வாசக் கதவு இறுகிக்கிச்சு, அவர் இழுத்துட்டு இருக்கார். மழைக்கு மரம் ஊறிடுச்சு போல."

மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. கதவு நிலையே சாய்ந்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளைகிட்ட குடு."

"சொல்லுங்க மாமா."

"கதவை உடைங்க."

"கதவையா? மாமா, கொஞ்சம் எண்ணெய் போட்டா…"

"மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்." இவர் குரல் உடைந்து அழுகையாக வந்தது. நான் இவரோடு வாழ்ந்த முப்பத்தொரு வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "நீங்க சிரிங்க, என்னை என்ன வேணா சொல்லுங்க. உடைங்க. என் குழந்தைங்களை வெளிய கொண்டாந்துடுங்க."

மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்கவில்லை. போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுத்தியல் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. குட்டி வீரிட்டு அழுதாள். மகள், "அந்தப் பக்கம் போகாதடி, இங்க வா, இங்க வா" என்று கத்தினாள். மரம் பிளந்தது. நான் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டு நின்றேன். பிறகு ஓடுகிற காலடிகள். மூச்சு இரைக்கிற சத்தம். அப்புறம் வண்டிகளின் இரைச்சல், யாரோ காய்கறி விற்கிற குரல், தெருவின் சத்தம்.

"அப்பா" என்றாள் மகள். "வெளிய வந்துட்டோம்பா. எதிர்ச் சாரியில நிக்கிறோம். குட்டி என் இடுப்புல இருக்கா."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை என் கையிலிருந்து வாங்கி வாயருகே பிடித்தார்.

"மேல யார் யாரும்மா இருக்காங்க?"

மகள் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

"எல்லாரும் இருக்காங்கப்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."